நான் ஒன்றாக்கிய மூன்று நாடுகள்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நாங்கள் உடன்பிறந்தோர் மூவரும் மூன்று நாடுகளில் இருந்தோம். மூத்தவனாகிய நான் ரொறன்ரோவின் கிழக்கே, அஜின்கோர்ட்டில், மனைவியுடன் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசித்துவந்தேன். தங்கை தன் கணவரோடும் ஒரே மகளோடும் டென்மார்க்கில் இருந்தாள். எல்லோருக்கும் இளையவனான தம்பி நோர்வேயில் இருந்தான். மாலையில் ஒஸ்லோவில் கப்பலேறினால் மறுநாட் காலையில் கோப்பன்ஹேகனில் இறங்கிவிடலாம் என்று தம்பியே எனக்குச் சொல்லியிருக்கிறான். ஆனால் அந்தக் கப்பலில் அவன் ஒருபோதும் ஏறியதில்லை. அவனும் தங்கையின் கணவரும் பல ஆண்டுகளாக ஒருவரோடொருவர் பேசுவதில்லை.

காரணம் ஊரில் நடந்தது. தங்கையின் கணவரான என் மைத்துனர் இளமையில் ஓர் இயக்கத்தில் இருந்தவர். எண்பதுகளில் இன்னோர் இயக்கம் அதைத் தடைசெய்து, அதில் இருந்த பொடியன்களை வீடுவீடாகத் தேடிப் பிடித்தபோது, அவருடைய தோழர்கள் பலர் ஒரே நாளில் ஊர்ச் சந்தியில் வைத்துக் கொல்லப்பட்டார்கள். அவர் தப்பினார். புகையிலை உலர்த்தும் குடில் ஒன்றுக்குள் ஒளிந்திருந்து, பின்னர் படகேறி, எத்தனையோ இடம் சுற்றி டென்மார்க் வந்துசேர்ந்தார். தம்பியோ நோர்வேயில் இருந்தபடி, தடைசெய்த அந்த இயக்கத்துக்காக வேலை செய்தவன். ஒருமுறை தொலைபேசியில் பேச்சு முற்றி, "அப்ப செய்தது சரிதான் அத்தான், ஒற்றுமைக்கு வேறை வழி இருக்கேல்லை" என்று மைத்துனரின் காதுக்குள்ளேயே சொல்லிவிட்டான். அன்றோடு இரு வீடுகளுக்கும் இடையே பேச்சு நின்றது.

நானோ இரு பக்கத்துக்கும் நல்லவனாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் முதலில் டென்மார்க்குக்குத் தொலைபேசி எடுப்பேன், பிறகு நோர்வேக்கு. அங்கே கேட்டதை இங்கே சொல்வதில்லை, இங்கே கேட்டதை அங்கே சொல்வதில்லை. அதைப் பெருந்தன்மை என்று எண்ணியிருந்தேன்.

ஒரு மாரிகாலத்தில் தங்கையின் மகள் பெரியபிள்ளையானாள். சடங்கைக் கோடை விடுமுறையில் மண்டபம் எடுத்துச் செய்வதென்று முடிவாயிற்று. எங்கள் வழக்கப்படி, பாலும் அறுகும் உச்சியில் வைத்து முதல் தண்ணீரை வார்க்கவேண்டியவன் தாய்மாமன். மற்றதெல்லாம், சேலை, ஆலத்தி, பலகாரம், ஒன்று குறைந்தாலும் சமாளிக்கலாம். மாமன் இல்லாமல் அந்தச் சடங்கு இல்லை. அந்தப் பிள்ளைக்கு உலகில் இரண்டே மாமன்மார். ஒருவன் நான். எனக்குக் கனடாவில் நிரந்தர வதிவிடப் பத்திரம் அப்போது கிடைத்திருக்கவில்லை. வெளியே போனால் திரும்பிவர முடியுமா என்று சொல்ல எவருமில்லை. மற்றவன் ஒரு கப்பற் பயணத் தூரத்தில் இருந்தும் அந்த வீட்டு வாசலை மிதிக்காதவன்.

"அண்ணை, ஆரோ ஒரு மாமன் எனக்கு வேணும்" என்று தங்கை அழுதாள். அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

தம்பிக்கு எடுத்தேன்.

"நீங்கள்தானே மூத்த மாமன். நீங்கள் போங்கோவன்" என்றான்.

"எனக்குப் பேப்பர் வரேல்லையடா. வெளிக்கிட்டால் திரும்பி உள்ளுக்கு விடுவாங்களோ தெரியாது."

"அப்ப நான் ஸ்பெயார் ரயர். முன்னுக்கு ஓடுறது காத்துப் போனாப்போலை டிக்கிக்குள்ளை தேடுறியள்."

"பகிடியை விடு. நீ போனால் நான் போன மாதிரி."

அவனுடைய மனைவி பின்னால் நின்று ஏதோ சொல்வது கேட்டது. பிறகு, "அத்தான் வாசல்லை நிண்டு 'வா' எண்டு கூப்பிடோணும். அக்கா மட்டும் கூப்பிட்டால் காணாது. அவர் கூப்பிட்டால் வாறன்" என்றான்.

இதை மைத்துனரிடம் சொல்ல எனக்குப் பயமாகவே இருந்தது. அவர் சிரித்தார். "வாசல்லை என்ன மச்சான், கப்பலடிக்கே போய் நிக்கிறன். அவன்ரை கதை வேறை, பிள்ளையின்ரை விசயம் வேறை. மாமன் அவன்தானே" என்றார். தொலைபேசியை வைத்த பின் நான் அறைக்குள் தனியே நடந்தேன். மூத்தவனாகப் பிறந்ததற்கு ஏதோ ஒன்று செய்துவிட்டேன் என்று என் நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

அந்த நிமிர்வோடுதான் கட்டுரை எழுத உட்கார்ந்தேன்.

நான் பள்ளிக்கூடத்தை இடைநடுவில் விட்டவன். தமிழை வாசிகசாலைப் பத்திரிகைகளிலிருந்தும் திருவிழா மேடைகளில் கேட்ட பேச்சுகளிலிருந்தும் நானாகவே பழகிக்கொண்டேன். மிசிசாகாவில், விமான நிலையத்துக்கு அருகே, பயணிகளுக்கான உணவுத் தட்டுகளை அடுக்குவது என் வேலை. கையில் உறையும் தலையில் வலையும் போட்டு, கோழி ஒரு பெட்டியில், சோறு ஒரு பெட்டியில் என்று வைத்துக்கொண்டிருக்கும்போதே மனத்துக்குள் வாக்கியங்களைச் செதுக்கிக்கொண்டிருப்பேன். அவற்றை வெளியிட ஒரு சிற்றிதழ் இருந்தது. தமிழ்ப் பலசரக்குக் கடைகளின் வாசலில் இலவசமாக அடுக்கிவைக்கப்படும் மாத இதழ். அதை நடத்திய இளைஞர் மாலையில் பீற்சா விநியோகித்து, மிஞ்சிய நேரத்தில் தன் நிலவறை வீட்டில் கணினி முன் இருந்து பக்கம் அமைப்பவர். அவர் ஒரு சிறப்பிதழ் திட்டமிட்டிருந்தார். வரலாறு இப்படி நடந்திருந்தால் என்று ஒவ்வொருவரும் கற்பனை செய்து எழுதவேண்டும்.

"ஐயா, சோழரை ஏற்கெனவே மூண்டு பேர் பிடிச்சிட்டினம். யாழ்ப்பாணத்து ராசாவை ரெண்டு பேர். நீங்களாவது தூரத்திலை ஆரையும் பிடியுங்கோ" என்றார்.

தூரத்தில் யாரைப் பிடிப்பது என்று நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சனிக்கிழமைகளில் நூலகத்துக்குப் போய்க் கலைக்களஞ்சியத்தின் கனத்த தொகுதிகளை மேசையில் விரித்து, பக்கத்தில் அகராதியையும் வைத்துக்கொண்டு, என் தங்கையும் தம்பியும் வாழும் நிலங்களின் வரலாற்றை எழுத்தெழுத்தாக வாசித்தேன். டென்மார்க், நோர்வே, சுவீடன் மூன்றும் ஒரு காலத்தில் ஓர் அரசியின் கீழ் ஒன்றாயிருந்தன என்று அங்கேதான் அறிந்தேன். நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்த ஒன்றியம் நிலைத்தது. பின்னர் டேனிய அரசன் ஒருவன் சுவீடனில் முடிசூடி, விருந்துக்கு அழைத்த பிரபுக்களை அரண்மனைக் கதவுகளைப் பூட்டிப் பிடித்து, சந்தைவெளியில் தலை வெட்டுவித்தான். அக்கொலையில் தந்தையை இழந்த இளைஞன் ஒருவன் மட்டும் பிடிபடாமல் வடக்கே பனிக்காடுகளுக்குள் மறைந்தான். அவன் பின்னர் குடியானவர்களைத் திரட்டிப் போராடி, சுவீடனைப் பிரித்து, தானே அரசனானான். ஒன்றியம் முடிந்தது.

"ஆர் ஆரை வெட்டினது எண்டு உங்களுக்கு ஏன்? அடுப்பிலை பருப்பு வேகுது, பாருங்கோ" என்பாள் மனைவி. "மூண்டு நாட்டை ஒண்டாக்கிறாராம். காலிலை போடுற ஒரு சோடி மேசு ஒண்டாய்க் கிடக்கிறதில்லை இவருக்கு."

நான் பொருட்படுத்தவில்லை. அந்த மக்கள் பிரியாதிருந்த ஓர் உலகத்தை நான் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரே அரசு, ஒரே கொடி. டேனியரும் சுவீடியரும் பின்னர் நூற்றாண்டுக் கணக்கில் ஒருவரையொருவர் கொன்ற போர்கள் எவையும் நடக்கவில்லை. வடமுனையில் பிடித்த மீன் தென்கோடி அடுப்பில் சுங்கமின்றி வேகும். அவர்களுடைய கப்பல்கள் ஐசுலாந்தையும் கிறீன்லாந்தையும் கடந்து கனடாவின் கரையில் குடியேறுகின்றன. ஆதலால் ரொறன்ரோவின் தெருப் பெயர்களே வேறாக இருக்கின்றன, இங்குள்ள எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும்போது ஆங்கிலத்துக்குப் பதில் அந்த மொழியிலே எங்களை எதிர்த்துப் பேசுகிறார்கள், நாங்கள் மூவரும் ஒரே அரசனின் கீழ் அகதிகளாக இருக்கிறோம். "தம்பி ஒருவன் தன் தமக்கை வீட்டுக்குச் செல்ல எந்த எல்லையையும் கடக்கவேண்டாத நாடு" என்று ஒரு வரி எழுதியபோது எனக்கே கண் கலங்கியது. அந்த வரிக்காகவே முழுக் கட்டுரையையும் எழுதினேன் என்று சொன்னால் பொய்யில்லை.

ஆனால் கற்பனை வரலாற்றுக்கு ஒரு திருப்பம் வேண்டும். எந்த இடத்தில் உண்மை வரலாறு வேறு வழியில் போயிருக்கவேண்டும் என்று இதழாசிரியர் கேட்டிருந்தார். நான் தேடினேன். எளிதாகக் கிடைத்தது. பனிக்காட்டுக்குள் மறைந்த அந்த ஒருவன் பிடிபட்டிருந்தால் போதும். அவனைப் பிடித்தேன். வேடர் இருவர் அவனைக் கட்டி இழுத்துவந்து அரசனின் ஆட்களிடம் ஒப்படைப்பதாக எழுதினேன். அதோடு நிற்காமல், மேடைகளில் கேட்டுப் பழகிய ஓசையில், "ஒருவன் தப்பினான், மூன்று நாடு பிரிந்தது, அந்த ஒருவன் தப்பாதிருந்தால், அம்மூன்றும் இன்று ஒன்று" என்று முடித்தேன். எத்தனை நாள் அந்த வாக்கியத்தை உணவுத் தட்டுகளின் முன் நின்று வாய்க்குள் உருட்டிப் பார்த்தேன் என்று எனக்குத்தான் தெரியும். ஓசை சரியாக விழுந்திருந்தது. பொருளை நான் பார்க்கவில்லை.

இதழ் வந்தது. இரண்டு பிரதிகளை உறையிலிட்டு ஒன்றை நோர்வேக்கும் மற்றதை டென்மார்க்குக்கும் ஒரே நாளில் அனுப்பினேன். சடங்குக்கு முன் இரு வீட்டாரும் அந்தத் தம்பி, தமக்கை வரியை வாசிக்கவேண்டும் என்பது என் விருப்பம்.

முதற் பாராட்டு அஜின்கோர்ட்டிலேயே கிடைத்தது. பலசரக்குக் கடையில் நான் கத்தரிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தபோது முன்பின் அறியாத ஒருவர் வந்து கையைப் பிடித்தார்.

"அண்ணைதானே அந்தக் கட்டுரை? சொல்லவேண்டியதைச் சொல்லாமல் சொல்லிப்போட்டியள்."

"ஏதோ எனக்குத் தெரிஞ்சதை..."

"இல்லை இல்லை. ஒருவன் தப்பினான், மூன்று நாடு பிரிந்தது. வீட்டிலை மனிசிக்கு வாசிச்சுக் காட்டினனான். அப்ப ஒருத்தரையும் தப்பவிட்டிருக்கக் கூடாது. அண்டைக்கே முடிச்சிருந்தால் இண்டைக்கு வெளிநாடுகளிலை இருந்து குரைக்க ஆள் இருக்காது. என்ன அண்ணை?"

அவர் எதைப் பற்றிப் பேசுகிறார் என்று எனக்கு விளங்கியது. ஒரு கணத்தில் விளங்கியது. கடைக்காரர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரிசையில் நின்ற இன்னும் இருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் புன்னகை செய்தேன். "வாசிச்சதுக்கு நன்றி" என்றேன். கத்தரிக்காயை நிறுத்து வாங்கிக்கொண்டு வெளியே வந்து, பேருந்துத் தரிப்பில் நின்றேன். அவர் சொன்னதைவிட நான் புன்னகைத்ததே எனக்கு அதிகம் அருவருப்பாக இருந்தது.

அந்தக் காலத்து ரொறன்ரோவில் ஒற்றுமை என்ற சொல்லை எவரும் வெறுமனே உச்சரிப்பதில்லை. அச்சொல்லுக்கு ஒரே அர்த்தந்தான் இருந்தது: மற்றவர்கள் எல்லோரும் இல்லாமற்போய் ஒருவர் மட்டும் மிஞ்சுவது. அதை அறியாதவன் அல்லன் நான். சுவீடனையும் டென்மார்க்கையும் எழுதுகிறேன், ஐரோப்பியப் பிரபுக்களை எழுதுகிறேன் என்று எண்ணிக்கொண்டு, எங்கள் ஊர்ச் சந்தியில் நடந்ததற்கு நியாயம் எழுதிக் கொடுத்திருந்தேன். என் மைத்துனரின் உயிர் எஞ்சியதை வரலாற்றின் பிழை என்று அழகான தமிழில் எழுதி, முத்திரை ஒட்டி, அவர் விலாசத்துக்கே அனுப்பியும் விட்டேன்.

அன்றே டென்மார்க்குக்கு எடுத்தேன். தங்கை வழக்கம்போலப் பேசினாள். தபால் வரவில்லை என்று தெரிந்தது. "ஒரு புத்தகம் வரும். அதை நீ எடுத்து வை. அவருக்குக் காட்டாதை" என்றேன். "ஏன் அண்ணை? நீங்கள் எழுதினதை அவர்தானே முதலிலை வாசிக்கிறவர்" என்றாள். உண்மைதான். என் எழுத்தை முழுதும் வாசிக்கும் ஒரே மனிதர் அவர். எழுத்துப் பிழை கண்டால் தொலைபேசியில் சொல்வார். எப்படிச் சொல்வதென்று தெரியாமல், "அச்சுப் பிழை நிறைய" என்று முணுமுணுத்தேன்.

இரண்டொரு நாளில் தம்பி எடுத்தான். அவன் குரலில் சிறுவயதுக்குப் பின் நான் கேளாத மகிழ்ச்சி.

"அண்ணை, இவ்வளவு நாளும் நீங்கள் அந்தப் பக்கம் எண்டுதான் நினைச்சிருந்தனான். இப்பதான் விளங்குது. இஞ்சை எங்கடை ஆக்களுக்கு போட்டோக்கொப்பி அடிச்சுக் குடுத்திருக்கிறன். தப்பவிட்டதுதான் பிழை. வடிவாய் எழுதியிருக்கிறியள்."

"நான் அப்பிடி எழுதேல்லையடா. அது சுவீடன்."

"ஓம் ஓம், சுவீடன்" என்று சிரித்தான். "விளங்குது அண்ணை."

எத்தனை முறை மறுத்தாலும் அவன் அந்தச் சிரிப்பையே சிரித்தான். நான் சாமர்த்தியமாக மறைத்து எழுதியதாக அவன் நம்பினான். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இருக்கவில்லை, அறிவும் இருக்கவில்லை என்பதை எப்படி ஒரு தம்பிக்கு விளக்குவது?

அடுத்த ஞாயிறு டென்மார்க்கில் தொலைபேசியை எடுத்தவர் மைத்துனர்.

"வணக்கம், எழுத்தாளர் ஐயா" என்றார்.

அவர் என்னை எந்நாளும் மச்சான் என்றே அழைப்பவர். நான் பேசத் தொடங்கினேன். அது கற்பனை என்றேன். கலைக்களஞ்சியத்தில் இருந்தது என்றேன். ஆசிரியர் ஒரு திருப்பம் கேட்டார் என்றேன். அவர் இடைமறிக்காமல் எல்லாவற்றையும் கேட்டார்.

"நான் உங்களை நினைச்சு எழுதேல்லை" என்றேன் இறுதியாக.

"அதுதான் நோகுது. நினைக்கேல்லை. நினைச்சு எழுதியிருந்தால் எதிரி எண்டு வைச்சுக்கொண்டிருப்பன். நான் அந்தக் குடிலுக்குள்ளை கிடந்த கதை உங்களுக்குத் தெரியும். உங்கடை தங்கச்சி கைப்பிள்ளையோடை இருந்ததும் தெரியும். அந்தப் பிள்ளைக்குத்தான் இப்ப சடங்கு. அவன் பிடிபட்டிருந்தால் எல்லாரும் ஒண்டாய் இருந்திருப்பினம் எண்டு எழுதேக்குள்ளை ஒருக்காலும் இந்த வீடு ஞாபகம் வரேல்லையோ?"

சொல்ல இருந்ததெல்லாம் வாக்கியங்களாகவே வந்தன, ஒவ்வொன்றும் ஓசையோடு வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"பிள்ளையின்ரை விசயம் வேறை எண்டு நான் சொன்னனான். அது இப்பவும் அப்பிடித்தான்" என்றார். "உங்கடை தம்பி வரட்டும். ஆனால் வரமுந்தி எனக்கு ஒரு சொல் சொல்லோணும். நான் தப்பினது பிழை இல்லையெண்டு சொல்லட்டும். அவ்வளவுதான். பிறகு கப்பலடியிலை வந்து நிக்கிறன்."

இதைவிடச் சிறிய கோரிக்கை ஒன்றை நான் வாழ்நாளில் கேட்டதில்லை. உடனே தம்பிக்கு எடுத்தேன். அவன் மறுத்தான். கத்தினேன். மூத்தவன் சொல்கிறேன் என்றேன்.

"நீங்கள் எழுதினதைத்தானே அண்ணை நானும் சொல்லுறன்? பேப்பரிலை ஒண்டு எழுதிப்போட்டு ரெலிபோனிலை வேறை கதைக்கச் சொல்லுறியள். போட்டோக்கொப்பி எடுத்து எல்லாருக்கும் குடுத்தனான். இப்ப நான் மாத்திச் சொன்னால் என்னை ஆர் மதிப்பினம்?"

"அந்தக் கட்டுரை பிழையடா."

"அப்ப அதை எழுதுங்கோ. பிழையெண்டு அதே பேப்பரிலை எழுதிப்போடுங்கோ. நான் யோசிக்கிறன்."

எனவே ஆசிரியரின் நிலவறை வீட்டுக்குப் போனேன். அவர் வேலைக்குப் புறப்படும் அவசரத்தில் சூடுகாக்கும் பைகளை மடித்துக்கொண்டிருந்தார். ஒரு மறுப்புரை வெளியிடவேண்டும் என்றேன். தப்பியவர் தப்பியதே நன்று, அவ்வொன்றியம் உடைந்ததே நன்று என்று எழுதிக் கொண்டுபோயிருந்தேன். வாசித்தார். தாளை மெதுவாக என் கையிலேயே திருப்பித் தந்தார்.

"ஐயா, கட்டுரை போனமாதம் வந்தது. எல்லாரும் அதை ஒரு மாதிரி விளங்கிக்கொண்டிட்டினம். நல்லாய்த்தான் விளங்கிக்கொண்டிருக்கினம். இப்ப நீங்கள் அது பிழையெண்டால் நாங்கள் அந்தப் பக்கம் எண்டு ஆகும். கடைக்காரர் பேப்பரை வாசல்லை வைக்க விடமாட்டினம். உங்கடை வீட்டுக் கதவையும் தட்டுவினம். ஐந்நூறு வருசத்துக்கு முந்திச் செத்த வெள்ளைக்காரனுக்காக உது தேவையோ?"

தேவை என்று சொல்லவே போயிருந்தேன். சொல்லவில்லை. அவர் கதவைப் பூட்டும்வரை படியில் நின்றேன். "கொண்டுவந்து இறக்கிவிடட்டோ ஐயா?" என்று கேட்டார். அவருடைய காரில் ஏறி, மடியில் யாருக்கோ போகும் பீற்சாப் பெட்டியை வைத்துக்கொண்டு வீடு வந்தேன். வரும் வழியெல்லாம் குளிரைப் பற்றிப் பேசினோம். அந்த மறுப்புரையை வேறெங்காவது கொடுத்திருக்கலாம். நாலு பேர் கூடும் இடத்தில் எழுந்து நின்று வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். பலசரக்குக் கடையில் புன்னகைத்த அதே மனிதன்தான் இங்கும் படியில் நின்றான் என்பதை அறிந்தேன். என் மைத்துனர் துவக்குகளுக்கு மறைந்து குடிலுக்குள் கிடந்தவர். நான் மறைந்தது கத்தரிக்காய் வாங்கும் மனிதர்களுக்கு.

மனைவியிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கேலி செய்யவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

"தங்கச்சிக்கு ஒருக்கா எடுங்கோ. கட்டுரையைப் பற்றிக் கதையாதேங்கோ" என்றாள். "மாமன் கிடைக்கேல்லை எண்டு சொல்லுங்கோ."

அப்படியே சொன்னேன். தங்கை, "ம்" என்றாள். பிறகு, "சரி அண்ணை, நாங்கள் பாத்துக்கொள்ளுறம்" என்றாள். அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான் என்று முன்னரே எழுதினேன்.

பிறகு அழைப்பிதழ் வந்தது. தங்க எழுத்தில் பிள்ளையின் பெற்றோரும், கீழே தாய்மாமன் என்று ஒரு பெயரும் இருந்தன. எனக்குத் தெரியாத பெயர். தங்கை பின்னர் ஒரு வாக்கியத்தில் விளக்கினாள். அவர் எங்களுக்கு எந்த உறவுமல்லர். அந்த நாட்களில் அதே குடிலுக்குள் மைத்துனரோடு ஒளிந்திருந்த இன்னொருவர். இப்போது சுவீடனில் பேருந்து ஓட்டுகிறார். கேட்டவுடனே சரி என்றாராம். எந்த நிபந்தனையும் வைக்கவில்லையாம். ஒருவன் தப்பினான் என்று நான் எழுதியிருந்தேன். ஊரில் தப்பியவர்கள் இருவர் என்பதுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

சடங்கு நாளன்று வேலைக்கு லீவு போட்டேன். எங்களுக்கு விடியற்காலை, அவர்களுக்கு மதியம்; தண்ணீர் வார்ப்பது வீட்டில், மண்டபம் அதற்குப் பிறகு. மனைவி தலைக்குக் குளித்து விளக்கேற்றி, "இப்ப எடுங்கோ, தண்ணி வாத்து முடிஞ்சிருக்கும்" என்றாள். எடுக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் எடுக்காமல் விட்டால் அதுவும் ஒரு பக்கம் சாய்வதாகிவிடும் என்று எனக்குப் பட்டது. மூத்த மாமன் வாழ்த்தவில்லை என்று அந்தப் பிள்ளை பின்னொரு காலம் எண்ணக்கூடாது.

நெடுநேரம் மணியடித்தது. எடுத்தவர் எனக்குப் பழக்கமில்லாத குரல். பின்னால் சிறுவர்களின் கூச்சலும் பாத்திரங்களின் ஓசையும் கமராக்காரர் யாரையோ இந்தப் பக்கம் திரும்பச் சொல்வதும் கேட்டன.

"ஹலோ, ஆர் கதைக்கிறியள்?"

"கனடாவிலை இருந்து. பிள்ளையின்ரை மாமன்."

அவருக்கு அது ஒரு பிழையான இணைப்பாகத் தோன்றியிருக்க வேண்டும்.

"பிள்ளையின்ரை மாமன் நான்தான்" என்றார், மிகவும் மரியாதையாக. "இப்பதான் தண்ணி வாத்திட்டு, வேட்டி மாத்தக்கூட நேரமில்லை, ஈரத்தோடை நிக்கிறன். நீங்கள் ஆரெண்டு சொல்லட்டும்?"

என்னிடம் அந்தக் கேள்விக்கு ஒரு விடைதான் மிஞ்சியிருந்தது.

"எழுதினவர் எண்டு சொல்லுங்கோ."

அவர் முகத்தைத் திருப்பி வீட்டுக்குள் கூப்பிட்டார். "அண்ணை, கனடாவிலை இருந்து ஆரோ எழுதினவராம்!" கூச்சலுக்குள் மைத்துனரின் குரல் பதில் சொன்னது. சொற்கள் எனக்குப் பிடிபடவில்லை. சுருக்கமான பதில், கோபமான பதில் அல்ல. பாத்திரங்கள் உருண்டன, யாரோ சிரித்தார்கள். தங்கையின் குரலை நான் செவியைத் தீட்டித் தேடினேன். கேட்கவில்லை.

"அவை எல்லாரும் வேலையா நிக்கினம் ஐயா" என்றார் அந்த மனிதர் திரும்பிவந்து. "பிள்ளையைச் சேலை உடுத்தக் கூட்டிக்கொண்டு போட்டினம். என்னட்டைச் சொல்லுங்கோ, நான் சொல்லிவிடுறன்."

"நல்லாயிருக்கச் சொல்லுங்கோ."

"கட்டாயம் சொல்லுறன்." பின்னர், தூரத்திலிருந்து எடுத்தவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று எண்ணினாரோ என்னவோ, "அங்கை கனடாவிலையும் இப்ப வெயிலே ஐயா?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன். "நல்ல வெயில்."